ஷிப்யார்டில் அடிபட்டால், முதல் போன் நமக்குத்தான் வருது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்குக் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். கண்மாயில் தண்ணீரே இல்லாத ஊரில் உட்கார்ந்து கப்பல் கதை எதுக்குன்னு சிரிக்கிறீங்க. சரி, சிங்கப்பூர் ஷிப்யார்டில் உங்க வீட்டு ஆள் யாராவது இருந்தால் கை தூக்குங்க. பார்த்தீங்களா, முன் வரிசையில் மட்டும் ஆறு கை. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர், திருவாரூர் என்று நம்ம பக்கம் எந்த ஊருக்குப் போய்க் கேட்டாலும் சில கைகளாவது உயரும். ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டது அந்தப் பணம். அவர்களை அனுப்ப ஏஜென்ட்டுக்குக் கட்டியதில் ஒரு பங்கு நம்ம குழுக் கடன். தீர்மானப் புத்தகத்தில் 'கறவை மாடு' என்று எழுதியிருப்போம். மாடு எந்த விமானத்தில் ஏறிப் போச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

"உங்க வீட்டுக்காரர் அங்க என்ன வேலைம்மா பார்க்கிறார்?" என்று வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். "ஷிப்யார்டு" என்பதோடு பதில் நின்றுவிடும். ஷிப்யார்டு என்பது இடத்தின் பெயர். அதற்குள்ளே வெல்டர் இருக்கிறார், பெயின்டர் இருக்கிறார், சாரம் கட்டுகிறவர் இருக்கிறார். இன்றைக்கு நான் சொல்லப் போவது ரிக்கர்களைப் பற்றி. கனமான இரும்புச் சாமானைச் சங்கிலி, கம்பிவடம், பெல்ட் போட்டுக் கட்டி, தூக்கி, நகர்த்தி, சரியான இடத்தில் இறக்கி வைக்கிற வேலைக்கு ரிக்கிங் என்று பேர். நம்ம ஊர் ரயில்வேயில் கலாசி என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி வேலை. வெல்டர் என்று போனவரையும் ஆள் குறைந்தால் ரிக்கிங்குக்குக் கூப்பிடுவது அங்கே சகஜம். அதனால் "எங்க வீட்டுக்காரர் வெல்டர்தானே" என்று யாரும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம்.

புதுக் கப்பல் கட்டுவதைவிடப் பழைய கப்பலைப் பழுது பார்ப்பதில் இந்த வேலை ரொம்பச் சிக்கல். கப்பலை டாக்கில் ஏற்றித் தண்ணீரை இறைத்துவிட்டு, பம்பு, வால்வு, குழாய், சுக்கான், பின்னால் சுற்றுகிற பெரிய விசிறி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே எடுத்து, சரி செய்து, திரும்ப மாட்ட வேண்டும். பெரிய கப்பலின் விசிறி ஒன்றே பல பத்து டன் இருக்கும். மேல் தளத்தில் இருக்கிற சாமானைக் கிரேன் எடுத்துவிடும். எஞ்சின் அறையில், நாலு மாடி ஆழத்தில், குழாய்களுக்கு நடுவே இருக்கிற பம்பைக் கிரேன் எட்டாது. அங்கே செயின் பிளாக்தான். மேலே ஒரு கொக்கியில் ஒரு செயின் பிளாக், ஆறடி தள்ளி இன்னொன்று. முதல் சங்கிலியைத் தளர்த்திக்கொண்டே இரண்டாவது சங்கிலியை இழுக்க, சாமான் அந்தரத்தில் ஊஞ்சல் மாதிரி இதிலிருந்து அதற்குக் கைமாறும். அப்படியே அடுத்ததற்கு, அதற்கடுத்ததற்கு. இப்படிக் கைமாறுகிற நேரத்தில்தான் சாமான் ஆடும், சுற்றும், நினைக்காத பக்கம் வரும். குழாய்க்கும் சாமானுக்கும் நடுவே ஒரு கை இருந்தால் அவ்வளவுதான்.

அந்தச் செயின் பிளாக் தானாக அங்கே போய் உட்காராது. ஒரு டன் தூக்குகிற பிளாக் பத்துப் பன்னிரண்டு கிலோ. ஐந்து டன் தூக்குகிற பிளாக் நாற்பது கிலோ பக்கம் வரும். அதாவது ஒன்றரைச் சிப்பம் அரிசி. வீட்டு வாசலில் இருந்து அடுப்படிக்கு ஒரு சிப்பம் தூக்கிப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் நமக்கெல்லாம் இருக்கிறது. அவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய் படிந்த செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கி, ஆள் உடம்பு மட்டும் நுழைகிற ஓட்டை வழியாகத் தொட்டிக்குள் போகிறார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தபடி அதைத் தலைக்கு மேலே தூக்கி மாட்ட வேண்டும். முதுகு போவதற்கு இதைவிட நல்ல வழி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது ஒரு சின்ன விளையாட்டு. ரெண்டு பேர் முன்னாடி வாங்க. (இரண்டு உறுப்பினர்கள் வந்தார்கள். தண்ணீர் நிறைந்த குடத்தின் கழுத்தில் கயிறு கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள்.) பக்கத்துப் பக்கத்தில் நின்னு தூக்குங்க. சுலபமா இருக்கு இல்ல? குடம் பதினைந்து கிலோ என்றால் ஆளுக்கு ஏழரைக் கிலோ. இப்போ ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டடி பின்னாடி போங்க. குடம் தரையைத் தொடக் கூடாது. ஏன் முகம் சுளிக்குது? குடத்தில் யாரும் தண்ணீர் சேர்க்கவில்லையே! கயிறு விரிய விரிய ஒவ்வொருத்தர் கையிலும் இழுவை கூடுகிறது. இரண்டு கயிறுக்கும் நடுவே 120 டிகிரி விரிந்தால் ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதாவது முழுக் குடத்தின் கனம் ஒவ்வொருத்தர் கையிலும். 150 டிகிரி விரிந்தால் ஆளுக்கு ஏறக்குறைய முப்பது.

பதினைந்து கிலோ குடத்துக்கே இப்படி. அங்கே இரண்டு பெல்ட்டைக் குட்டையாகப் போட்டு, அகலமாக விரித்துக் கட்டினால், ஐந்து டன் சாமானுக்கு ஐந்து டன் பெல்ட் போதாது. பார்த்தால் சரியாகத்தான் தெரியும். தூக்கும்போது அறுந்துபோகும். அதனால்தான் சிங்கப்பூரில் 2011-ல் வந்த கிரேன் விதிகள், தூக்குவதற்கு முன்னால் எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும், பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர், ரிக்கர், சைகை காட்டுபவர் வேண்டும் என்று சொல்கின்றன. டாக்கில் கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாளும் முதலாளிக்குப் பணம். "சீக்கிரம், சீக்கிரம்" என்கிற சத்தத்தில் திட்டம் காகிதத்தோடு நின்றுபோவதும் உண்டு.

பெரிய விபத்துகள் பேப்பரில் வந்துவிடும். 1978 அக்டோபர் 12-ல் ஜூரோங் ஷிப்யார்டில் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஸ்பைரோஸ் என்கிற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். 2004 மே 29-ல் அல்முதைனா என்கிற கப்பலில் தீப்பிடித்து ஏழு தொழிலாளிகள் இறந்தார்கள். அதே 2004-ல் கட்டுமான இடங்களிலும் அடுத்தடுத்து விபத்து நடந்த பிறகுதான் அந்த நாட்டில் 2006-ல் புதிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதெல்லாம் ஊரறிந்தது. நம்ம வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் பேப்பரில் வராத காயம். நசுங்கின விரல். கம்பிவடத்தின் அறுந்த இழை குத்திச் சீழ் பிடித்த உள்ளங்கை. தோள்பட்டைக்குள்ளே கிழிந்த தசைநார். எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கேட்பது முதுகுத்தண்டு.

விரல் நசுங்கினால் ரத்தம் வரும், நாலு பேர் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். முதுகுக்கு ரத்தமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. கனத்தைத் தூக்கிக்கொண்டு உடம்பைத் திருப்பும்போது அது பிதுங்கி, பக்கத்தில் போகிற நரம்பை அழுத்தும். முதல் நாள் "பிடிச்சிருக்கு" என்பார். ஒரு வாரத்தில் தொடையில் மின்சாரம் பாய்வது போல வலி இறங்கும். பிறகு கால் மரத்துப்போகும். இங்கே ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் போக முடியவில்லை, அடிவயிற்றுக்குக் கீழே, உட்காருகிற இடத்தில் உணர்ச்சி இல்லை என்று அவர் சொன்னால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் அது நிரந்தரமாகிவிடலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். அவங்க சம்மதத்தோடுதான் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு வயசு முப்பத்தாறு, எட்டு வருஷமாக ரிக்கிங் வேலை. இன்னொரு ஆளும் அவரும் ஒரு பெரிய செயின் பிளாக்கைப் பம்பு அறைக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். ஏணிப்படி ஈரம். மேலே இருந்தவர் கை வழுக்கிவிட்டது. முழுக் கனமும் கீழே இருந்த இவர் மேல். விழவில்லை, பிடித்துவிட்டார். அதுதான் வினை. உள்ளே ஏதோ 'கடக்' என்றது. அன்றைக்கு ராத்திரி நமக்கு ஒன்பதரை, அங்கே பன்னிரண்டு மணி. மனைவிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார். "சாமான் கை நழுவி என் மேல வந்துருச்சு, இடுப்பு நகர முடியல." இவங்க பதிலுக்கு என்ன சொன்னாங்க? "கோடாலித் தைலம் தேய்ச்சுட்டுப் படுங்க. லீவு கீவு போட்டுறாதீங்க. பிள்ளைக்குப் பீஸ் கட்டணும், வெள்ளிக்கிழமை குழுத் தவணை இருக்கு."

யாரும் அவங்களைக் குறை சொல்ல வேண்டாம். நம்மில் எத்தனை பேர் வேறு மாதிரி சொல்லியிருப்போம்? சிங்கப்பூரில் இருந்து வருகிறவர் எல்லாருக்கும் கோடாலித் தைலம் கொண்டுவந்து கொடுக்கிறார். அதை அவர் அங்கே எத்தனை ராத்திரி தன் முதுகில் தேய்த்துக்கொண்டார் என்று நாம் கேட்பதில்லை.

அவர் தைலத்தோடும் வலி மாத்திரையோடும் பத்தொன்பது நாள் வேலைக்குப் போனார். இருபதாவது நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. கம்பெனி காட்டிய கிளினிக்கில் "எத்தனை நாளா வலி?" என்று கேட்டார்கள். "மூணு வாரமா" என்றார். டாக்டர் அப்படியே எழுதினார்: மூன்று வாரமாக முதுகுவலி. விபத்து என்ற வார்த்தையே அந்தக் காகிதத்தில் இல்லை. கம்பெனி, "எங்க ரிஜிஸ்டரில் எந்த விபத்தும் இல்லை, ஊரிலிருந்தே இருந்த வலி" என்றது. கூடத் தூக்கியவர் அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஸ்கேனில் வட்டு பிதுங்கியது தெரிந்தது. அது எப்போது, எங்கே பிதுங்கியது என்று ஸ்கேன் சொல்லாது.

கடைசியில் கை கொடுத்தது என்ன தெரியுமா? அந்தக் குரல் செய்தி. தேதி, நேரத்தோடு அக்கா போனில் அழியாமல் இருந்தது. அதையும், ரூமில் கூட இருந்த ஒருவர் எழுதிக் கொடுத்ததையும் வைத்துத்தான் கேஸ் நின்றது. பத்து மாதம் வேலை இல்லாமல் அங்கேயே இருந்தார். பணம் வந்தது. எவ்வளவு என்று கேட்காதீங்க, அது அவங்க குடும்ப விஷயம். முதல் நாளே சொல்லியிருந்தால் இந்தப் பத்து மாதம் இவ்வளவு இழுத்திருக்காது.

அதனால் நான் உங்களிடம் கேட்பது, அந்த முதல் போனில் என்ன சொல்ல வேண்டும் என்பதை இன்றைக்கே மனசில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிகிட்ட இன்னைக்கே சொல்லுங்க. வாயால் சொன்னதோடு விடாமல் ஒரு மெசேஜும் அனுப்புங்க, அது தேதியோடு நிற்கும். டாக்டர்கிட்ட "வேலை செய்யும்போது, இன்ன கப்பலில், இன்ன மாதிரி அடிபட்டுச்சு" என்று சொல்லுங்க. வெறுமனே "வலிக்குது" என்று சொல்லாதீங்க. கம்பெனி கிளினிக்கில் சரியாகப் பார்க்கவில்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜூரோங் பக்கம் இங் டெங் ஃபோங், செம்பவாங் பக்கம் என்றால் ஈசூனில் கூ டெக் புவாட். கூட வேலை பார்த்தவர் பேர், போன் நம்பர் வாங்கி வையுங்க. இதைத்தான் சொல்ல வேண்டும். அழுகையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சட்டம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. இதில் நமக்கு நல்ல விஷயம், யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவரே கவனக்குறைவாக இருந்தாலும், வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. குடித்திருந்தால், சண்டையில் அடிபட்டிருந்தால் கதை வேறு. உடல் உழைப்பு வேலை பார்க்கிற எல்லாருக்கும் முதலாளி இதற்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஒரே ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி என்று எழுதினாலும், மனிதவள அமைச்சுக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும். எம்.ஓ.எம். என்று நம்ம ஆட்கள் சொல்வது அந்த அமைச்சைத்தான். முதலாளி தெரிவிக்கவில்லை என்றால் தொழிலாளியே தெரிவிக்கலாம். இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளில் இருந்து ஒரு வருஷம்தான் அவகாசம்.

எம்.சி. காலத்துச் சம்பளத்தில்தான் ஏமாற்று நடக்கிறது. வீட்டிலிருந்து வைத்தியம் பார்த்தால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருஷம் வரை. இந்தச் 'சம்பளம்' அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஓவர்டைமோடு சேர்த்து வாங்கியதன் சராசரி. நம்ம ஆட்களுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது வெள்ளி என்று அடிப்படை போட்டு, மீதியெல்லாம் ஓவர்டைமில் வருகிறது. அடிப்படையை மட்டும் கொடுத்து "இதுதான் எம்.சி. காசு" என்றால் பாதி போச்சு. சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். அந்தச் சீட்டை மாதாமாதம் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. அவர் போன் தொலைந்தாலும் உங்ககிட்ட இருக்கும்.

காயம் ஆறி, உடம்பில் நிரந்தரக் குறை எவ்வளவு என்று டாக்டர் ஒரு சதவீதம் போடுவார். அந்தச் சதவீதம், மாதச் சராசரிச் சம்பளம், வயசுக்கு ஒரு எண், இந்த மூன்றையும் பெருக்கி வருவதுதான் இழப்பீடு. வயசு குறைவாக இருந்தால் அந்த எண் பெரிசு. 2025 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த விபத்துக்கு, நிரந்தரமாக முழுசாக முடங்கினால் குறைந்தது 1,16,000 வெள்ளி, அதிகபட்சம் 3,46,000. உயிரே போய்விட்டால் குறைந்தது 91,000, அதிகபட்சம் 2,69,000. வைத்தியச் செலவு 53,000 வெள்ளி வரை, அல்லது ஒரு வருஷம் வரை. முதுகுக்கும் விரலுக்கும் இதில் ஒரு சிறு பகுதிதான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். லட்ச லட்சமாக வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஆளை நம்ப வேண்டாம். இந்தச் சட்டத்தில் இழப்பீடு கேட்க வக்கீல் கட்டாயம் இல்லை. கணக்கு போட்டு வருகிற நோட்டீஸ் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். அதைப் படிக்காமல் பாக்கெட்டில் வைத்துவிடக் கூடாது.

கம்மியாக எம்.சி. எழுதும் டாக்டர்களைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். கையெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு இரண்டே நாள் எம்.சி. கொடுத்த மருத்துவருக்கு, 2016-ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஆறு மாதம் தொழில் தடை விதித்தது. அதனால் "இன்னும் வலிக்குது, வேலைக்குப் போக முடியாது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வது தப்பில்லை.

இங்கே ஒரு தங்கச்சி எழுந்து கேட்டார்: "ரிப்போர்ட் பண்ணினா பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி அனுப்பிருவாங்களே அக்கா?" நியாயமான பயம். மழுப்பாமல் சொல்கிறேன். சில கம்பெனிகள் அப்படிச் செய்கின்றன. பெர்மிட்டை ரத்து செய்வதைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் பெர்மிட் போனாலும் இழப்பீட்டு உரிமை போகாது. கேஸ் நடக்கும்வரை ஸ்பெஷல் பாஸில் அங்கே இருக்க விடுகிறார்கள். அதில் வேலை பார்க்க முடியாது, அந்த மாதங்கள் ரொம்பக் கஷ்டம். லிட்டில் இந்தியாவில் 2008 முதல் டி.டபிள்யூ.சி.2 என்கிற தொண்டு அமைப்பு இப்படி வேலையில்லாமல் நிற்கிறவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். கட்டாயப்படுத்தி விமானம் ஏற்ற வந்தால், விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்கு இழப்பீட்டு வழக்கு இருக்கு, போக விருப்பமில்லை" என்று சொல்லலாம். இன்னொரு பக்கம் யோசியுங்கள். வட்டு பிதுங்கின ஆளை எந்தக் கம்பெனியும் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளாது. மறைத்தாலும் ஒருநாள் அனுப்பத்தான் போகிறார்கள். காசோடு வருவதா, வெறுங்கையோடு வருவதா என்பதுதான் பாக்கி.

அடுத்தது கொஞ்சம் கசப்பாக இருக்கும். அந்த அக்கா போனில் சொன்ன "வெள்ளிக்கிழமை குழுத் தவணை" என் காதில் இன்னும் கேட்கிறது. அவர் பத்தொன்பது நாள் காயத்தை மறைத்ததில் கம்பெனிக்குப் பங்கு இருக்கிறது, ஏஜென்ட் கடனுக்குப் பங்கு இருக்கிறது, நம்ம வரவு-செலவு நோட்டுக்கும் பங்கு இருக்கிறது. நூறு சதவீத வசூல் என்று நாம் மேடையில் கைதட்டு வாங்குகிறோம். அந்த நூறில் சில ரூபாய் எந்த முதுகில் இருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். வங்கிக் கடனில் நம்ம இஷ்டத்துக்கு எதுவும் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். உள்கடன் நம்ம பணம், நம்ம தீர்மானம். வீட்டு ஆள் வேலையில் காயம்பட்டு எம்.சி.யில் இருந்தால், அந்த எம்.சி. போட்டோவைக் காட்டினால் போதும், மூன்று மாதம் அசல் கேட்பதில்லை, அபராதம் போடுவதில்லை என்று ஒரு தீர்மானம் போடலாம் என்பது என் யோசனை.

ஒரு ஊக்குநர் அக்கா உடனே கேட்டார்கள்: "எல்லாரும் எம்.சி. போட்டோ கொண்டுவந்தா குழு என்னாகிறது?" கேட்க வேண்டிய கேள்விதான். எம்.சி. தாளில் தேதி இருக்கும், ஆஸ்பத்திரி பேர் இருக்கும். ஒரு வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை என்று வரம்பு வைக்கலாம். இன்னொரு உறுப்பினர், "வெளிநாட்டுக் காயத்துக்கு மட்டும் ஏன், நூறு நாள் வேலையில கால் ஒடிஞ்சவளுக்கு இல்லையா?" என்றார்கள். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இன்றைக்கு முடிவு எடுக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் தங்கள் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த மாதம் கொண்டுவருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்குள் இன்னொரு வேலை. சிங்கப்பூரில் ஆள் இருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு ஃபைல் போடுங்க. அவருடைய பாஸ்போர்ட் நகல், வொர்க் பெர்மிட்டின் இரண்டு பக்கமும், போகும்போது வந்த ஐ.பி.ஏ. கடிதம் (சம்பளம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்), தங்குகிற டார்மிட்டரி முகவரி, ரூமில் இருக்கிற ஒருவர் நம்பர். கம்பெனி பேரை எழுதும்போது கவனம். "அந்தப் பெரிய ஷிப்யார்டு" என்று எழுதினால் பயன் இல்லை. நம்ம ஆட்களில் அதிகம் பேர் அங்கே சப்-கான்ட்ராக்ட் கம்பெனிக்காக வேலை பார்க்கிறார்கள். பெர்மிட்டில் அச்சடித்திருக்கிற கம்பெனிதான் சட்டப்படி முதலாளி, இழப்பீடு கொடுக்க வேண்டியதும் அவர்தான்.

அங்கே வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு எந்த நேரமும் பேசலாம். எம்.டபிள்யூ.சி. என்பார்கள், நம்பர் 6536 2692. இங்கிருந்து கூப்பிட்டால் முன்னால் 65 சேர்க்கணும். இதை ஃபைல் அட்டையின் மேலேயே பெரிசாக எழுதுங்க. எழுதத் தெரியாதவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வாங்க, மார்க்கர் பேனா கொண்டுவந்திருக்கேன். அடுத்த மாதம் கூட்டத்துக்கு ஃபைலைக் கையில் எடுத்துட்டு வாங்க. எந்தக் காகிதம் இல்லையோ அதை அங்கேயே அவருக்குப் போன் போட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அவரும் ரூமில் இருப்பார்.